அக்டோபரில் நான் மாடியில் படுத்ததற்கான காரணம்

ஃபாரோ தீவுகள்
நவம்பர் 21, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சீமுனுக்கு,

ரன்வா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படியே தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்.

விடுப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வடக்கு நார்வேயில் உங்கள் கப்பலில் ஏறப்போகும் இன்ஜினியர் யோன் இதைக் கொண்டுவந்து தருவான். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். அதில் ஒன்றுக்குள் கடிதத்தை வைத்து வாயைத் தைத்திருக்கிறேன். தையல் பிரிந்திருந்தால் யோனை இனி நம் வீட்டுக்குள் விடாதே. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்காமல், உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நீ கப்பலிலிருந்து பேசும்போது உன் பின்னால் ஆறு பேர் தட்டைச் சுரண்டுவது எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. நான் பேசுவது மட்டும் அவர்களுக்குக் கேட்காமலா இருக்கும்?

முதலில் வீட்டுச் செய்தி. போன வாரக் காற்றில் இறைச்சி உலர்த்தும் கொட்டகையின் வடக்குப் பக்கப் பலகை ஒன்று பறந்துவிட்டது. உன் தம்பி வந்து வேறொன்று அடித்துக் கொடுத்தான். தொங்கவிட்ட ஆட்டிறைச்சி ஒழுங்காக வாடிக்கொண்டிருக்கிறது, வாடையும் சரியாக ஏறியிருக்கிறது. படகு ஓடாததால் பாதிரியார் இரண்டு ஞாயிறாக வரவில்லை. உன் அக்கா மார்னாதான் பிரசங்கத்தை வாசித்தாள். அரை மணி நேரப் பிரசங்கத்தை ஐம்பது நிமிஷம் வாசித்தாள். அவளுக்கு மூலம் மறுபடியும் தொந்தரவு கொடுக்கிறது, உட்கார முடியாதவள் நின்றுகொண்டே இருந்ததில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். மூலத்தைப் பற்றி நான் எழுதியதாக அவளிடம் சொல்லிவிடாதே.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியைக் கடையில் பால் வைத்திருக்கும் அலமாரி முன்னால் நின்று படித்தேன். "அடுத்த நடையும் நானே போறேன். வீட்ல எனக்கு என்ன வேலை இருக்கு." இவ்வளவுதான். நீ நீளமாக எழுதுகிறவன் இல்லை என்பது தெரியும். ஆனால் டிசம்பர் ஒன்பதாம் தேதி கப்பலில் ஆள் மாற்றும்போது நீ இறங்காவிட்டால் கிறிஸ்துமஸ் போய்விடும், ஜனவரியும் போய்விடும். கடைக்காரர் வந்து, "பால் வேணுமா, இல்ல அலமாரிய மூடட்டுமா?" என்று கேட்கும்வரை நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

அந்த ஆள் மாற்றப் பட்டியலில் உன் பெயரைத் திரும்ப எழுதவைப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு சாமர்த்தியம் எதுவும் இதில் இல்லை. சாமர்த்தியம் பண்ண எனக்குத் தெம்பும் இல்லை, சீமுன். ஆறு மாதமாக ஒன்றை மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

அக்டோபரில் ஆடு அறுக்க நீ வந்திருந்த பதினோரு நாளும் நான் மாடியில் சின்னவள் அறையில் படுத்தேன். உன் குறட்டை என்று சொன்னேன். இருபத்தேழு வருஷமாகக் கேட்ட குறட்டை திடீரென்று பொறுக்காமல் போனதை நீ நம்பவில்லை. நம்பாமல் இருந்ததற்கு உன்னை மெச்சுகிறேன். கிளம்பும் அன்று காலை மாடிப்படியில் நின்று, "வேற யாராவது இருக்காங்களா, ரன்வா?" என்று கேட்டாய்.

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, ஊரை ஒரு முறை மனதுக்குள் சுற்றிப் பார்த்தேன். கடைக்காரருக்கு எழுபத்தொன்பது வயது. பாதிரியார் படகு ஓடினால்தான் வருவார். உன் தம்பி சிங்க் குழாயைக் கழற்றும்போது பின்பக்கம் தெரிவது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாற்பத்திரண்டு பேர் உள்ள ஊரில் கள்ளத்தனம் பண்ண எனக்கு எவன் கிடைப்பான் என்று சிரித்தேன். நீ உன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். வண்டி திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். அப்போதாவது ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஓட முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

மே மாதம், ஆடுகள் குட்டி போடும் சமயத்தில், ஒருநாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. இருக்கக் கூடாத இடத்தில், தோலுரித்த அவித்த முட்டை மாதிரி, மிருதுவாக. முதலில் புற்று என்றுதான் நினைத்தேன். ஈரத் தலையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து என் பிணத்துக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணினேன். மார்னா என்ன கேக் கொண்டுவருவாள் என்பதுவரை போனேன், அந்தக் கேக் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். படுத்தால் அது உள்ளே போய்விடும். காலையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். மாலைக்குள் அடிவயிற்றை யாரோ கீழே பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடும். கழிவறைக்குப் போனால் முழுசாகப் போகாது, எழுந்து வந்த இரண்டாம் நிமிஷம் திரும்பப் போக வேண்டும். தும்மினால் கொஞ்சம் நனையும். இடுப்பு சதா வலிக்கும். இந்த நிலைமையில்தான் அக்டோபரில் உன்னோடு சேர்ந்து இரத்தத் தொட்டியைத் தூக்கினேன். நீ, "மறு பக்கம் பிடி, என்ன தூங்கறியா?" என்று கத்தினாய். நான் பிடித்தேன்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், இல்லை அழுகை வரும். எனக்கு இரண்டும் வந்துவிட்டன.

அதே மே மாதம், நான் குளியலறையில் பிணம் ஆன அதே வாரம், மேட்டு வயலில் நம் சாம்பல் ஆடு குட்டி போட்டதும் அதன் கருப்பை வெளியே தள்ளிவிட்டது. நீ என் சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். வீக்கம் வற்றச் சர்க்கரையைத் தூவி, முழங்கைவரை கழுவிக்கொண்டு, அந்த ஜீவனோடு பேசிக்கொண்டே உள்ளே தள்ளி, கயிற்றுக் கச்சை கட்டினாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு மருத்துவச்சிக்கும் அந்த நிதானம் வராது. எனக்கு மனது இளகிவிட்டது, இன்றைக்கே இவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் காப்பி போட்டேன்.

நீயும் உன் தம்பியும் மேஜையில் உட்கார்ந்தீர்கள். மிச்சச் சர்க்கரையைக் காப்பியில் போட்டுக் கலக்கிக்கொண்டே நீ சொன்னாய்: "ஒரு தடவ வெளிய வந்துருச்சுன்னா மறு வருஷமும் வரும். இத குளிர்காலத்துக்கு வெச்சுக்கறதுல பிரயோஜனம் இல்ல."

"நல்ல ஆடாச்சே," என்றான் உன் தம்பி.

"நல்ல ஆடுதான். ஆனா முடிஞ்சுபோச்சு."

நான் உனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ ஆட்டைப் பற்றித்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியாதா? எனக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உன்னால் ஒரு ஆட்டின் கருப்பையைப் பற்றிக் காப்பி குடித்துக்கொண்டே பேச முடிகிறது, எனக்கு என்னுடையதைப் பற்றி என் புருஷனிடம் வாய் திறக்க முடியவில்லை. சாம்பல் ஆட்டை அக்டோபரில் நீ வந்த அன்றே அறுத்தாய், நான்தான் அதன் தொடையைக் கொட்டகையில் கொக்கியில் மாட்டினேன். அன்று மாலைதான் என் போர்வையைச் சின்னவள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நீ இப்போது எழுந்து நடந்துகொண்டிருப்பாய். உட்கார். இன்னும் பாதிக் கடிதம் இருக்கிறது.

ஊரில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் நம் ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டால் எல்லோரும் என்னிடம்தானே அனுப்புவார்கள்? மார்னாவுக்கு மூலம் என்ற செய்தி அடுத்த தீவைத் தாண்டியதற்கு நான்தான் காரணம். புதன்கிழமைப் பின்னல் வட்டத்தில் ஒன்பது பெண்கள் உட்காருகிறோம், எட்டுப் பேர் பின்னுகிறார்கள், ஒருத்தி சொல்கிறாள். அந்த ஒருத்தி யார் என்று உனக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமை அவர்கள் வாயில் நான் இருப்பேன் என்று நினைத்தே யாரையும் கேட்கவில்லை.

அதனால் நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். திட்டாமல் படி. ஆட்டுக்கு நீ கட்டிய கயிற்றுக் கச்சையை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதே அமைப்பில், கனத்த கம்பளி நூலில் எனக்கு ஒன்று பின்னினேன். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, கால்களுக்கு நடுவே ஒரு பட்டை. சர்க்கரைவரை போகவில்லை. யோசித்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கச்சை ஒன்றையும் தாங்கவில்லை, அரித்தது. நான் உட்கார்ந்து நெளிவதைப் பார்த்து மார்னா தான் உட்காரும் மெத்தையை எனக்குக் கொடுத்தாள், தன் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

இரண்டாவதை மெல்லிய நூலில் பின்னலாம் என்று, புத்தி கெட்டுப்போய், புதன்கிழமை வட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். அக்டோபர் கடைசியில், நீ போய் இரண்டு வாரம் கழித்து. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அது என்ன என்று ஒருத்தி கேட்டாள். கடாவுக்கு என்றேன், குளிருக்கு.

துறைக்கு அந்தப் பக்கத்து வீட்டு எல்ஸ்பாவை உனக்குத் தெரியும், எழுபது வயது, வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். கிளம்பும்போது பூட்ஸ் மாட்டுகிற சாக்கில் என்னை வாசலறையில் நிறுத்திக்கொண்டாள்.

"ரன்வா, எங்க வீட்ல அம்பது வருஷமா கெடா வளக்கறோம். எந்தக் கெடாவுக்கும் கவட்டில பட்டை கட்டினதில்ல."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இது என் வாழ்க்கையில் இரண்டாம் தடவை, முதல் தடவை கல்யாணத்தில்.

"கீழ எறங்கிருச்சா?" என்றாள்.

தலையாட்டினேன். மடையை உடைத்த மாதிரி அழுகை வந்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுக்கவில்லை, எல்ஸ்பாவுக்கு அதெல்லாம் வராது. பூட்ஸை மாட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒம்பது வருஷமா உள்ள தாங்கிப் பிடிக்க வளையம் இருக்குடி. வளையத்தோடதான் உருளைக்கிழங்கு தோண்டறேன். டாக்டர்கிட்ட போ."

"ஒம்பது வருஷமாவா? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"உங்கிட்ட சொல்றதும் ரேடியோவுல சாவு அறிவிப்போட சேத்து வாசிக்கச் சொல்றதும் ஒண்ணுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோல் சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதம் நான் தனியாகத் தவித்ததற்கு ஆடும் காரணமில்லை, நீயும் காரணமில்லை, பாதி என் நாக்குதான். எனக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தியை நானே ஒன்பது வருஷம் பயமுறுத்தி வைத்திருந்திருக்கிறேன்.

நவம்பர் முதல் வாரம் மருத்துவரிடம் போனேன். நாலு வாரத்துக்கு மாற்றாளாக டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் பெண். இங்கே ஒருத்தரையும் தெரியாதவள் என்பதிலேயே எனக்குப் பாதி குணம். பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"மே மாசத்துலேர்ந்து."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மத்தவங்க வியாதியெல்லாம் சொல்லி முடிக்கவே நேரம் பத்தல டாக்டர்."

அவள் சிரிக்கவில்லை. டேனிஷ்காரி. ஆனால் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினாள். உனக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன். அடிவயிற்றுக்குக் கீழே தசையால் ஆன ஒரு விரிப்பு இருக்கிறது, வலைப்பையின் அடி மாதிரி. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பக்கங்களில் கயிறு மாதிரி நார்கள் பிடித்திருக்கின்றன. மூன்று பிள்ளை பெற்றேன், நடுப்பிள்ளை நாலேகால் கிலோ. பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொட்டி, மூட்டை, ஆடு என்று தூக்கியிருக்கிறேன். மாதவிலக்கு நின்றபின் நார்களில் பழைய வலுவும் இல்லை. கயிறு தளர்ந்தால் சுமை இறங்கத்தானே செய்யும்? என் கருப்பை வாசல்வரை வந்திருக்கிறது, மூத்திரப்பையும் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. இது புற்று இல்லை. உயிருக்கு ஆபத்து இல்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஏகப்பட்ட பேருக்கு ஓரளவு இருக்குமாம், நிறைய பேருக்குத் தெரிவதுகூட இல்லையாம். இதை அவள் சொன்னபோது நான் மனதுக்குள் பின்னல் வட்டத்தில் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். பிறகு எல்ஸ்பா நினைவு வந்து எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் திருந்திக்கொண்டிருக்கிறேன், மெதுவாக.

அவளும் எனக்கு ஒரு வளையம் வைத்தாள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், உள்ளே இருந்து தாங்கிப் பிடிக்கும். முதல் வளையம் சின்னதாகப் போய்விட்டது. நாலாம் நாள் கடையில் உருளைக்கிழங்குக் கூடைப் பக்கம் குனிந்தேன், அது இறங்கிவிட்டது. கால்சட்டைக்குள்தான், தரையில் இல்லை, ஆண்டவனுக்கு நன்றி. அங்கிருந்து வீடுவரை வாத்து மாதிரி நடந்து வந்தேன். வழியில் மார்னா வண்டியை நிறுத்தி, "உனக்கும் மூலமா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது ஊரெல்லாம் எனக்கு மூலம். என் பாவத்துக்கு இது போதாது.

அளவு ஒரே தடவையில் அமைவது அபூர்வம் என்று சொல்லி மருத்துவர் பெரியதாக ஒன்று வைத்தாள். இரண்டு வாரமாக அது அசையவில்லை. மாலையில் அந்த இழுப்பு இல்லை. நேற்று கலங்கரை விளக்கம்வரை நடந்துவிட்டு வந்தேன், ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக. உள்ளே தடவ ஒரு களிம்பு கொடுத்திருக்கிறாள். மலம் கழிக்க முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அந்த விரிப்பை வலுவாக்கப் பயிற்சியும் உண்டு. அதற்கென்று இருக்கும் பெண் ஈதா, மூன்று சுரங்கப்பாதை தாண்டிப் போக வேண்டும். போன வாரம் முதல் வகுப்பு. பயிற்சி என்றால் வேறொன்றுமில்லை, மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே சுருக்கி மேலே இழுத்துப் பிடித்து, எட்டு எண்ணி, விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூன்று நாலு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியுமாம். அந்த ஒற்றைவழிச் சுரங்கத்தில் எதிர்வண்டிக்காக ஒதுங்கி நிற்கிறோமே, ஒவ்வொரு ஒதுக்கிடத்திலும் ஒன்று செய்கிறேன். எதிரே வருகிறவர்கள் கையாட்டுகிறார்கள், நான் முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டுகிறேன்.

இப்போது எழுதச் சங்கடமான பகுதி. மருத்துவர் கேட்டாள், "வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்கார். பாரன்ட்ஸ் கடல்ல, மீன்பிடிக் கப்பல்ல."

"ஒண்ணா இருக்கீங்களா?"

இல்லை என்றேன். ஏன் என்றாள். எதையோ உடைத்துவிடுவோம் என்று பயம், பார்த்துவிடுவானோ என்று அதைவிடப் பயம் என்றேன். ஒன்றும் உடையாது என்றாள். வளையத்தை வைத்துக்கொண்டும் இருக்கலாம், வேண்டுமென்றால் நானே கழற்றிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம், எப்படி என்று கற்றுக்கொடுத்திருக்கிறாள். வலித்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை உனக்கு எழுதும்போது என் காது சூடாகிறது. இருபத்தேழு வருஷம் ஆனவளுக்குக் காது சூடாகக் கூடாது என்று சட்டமா இருக்கிறது.

வளையத்தோடு காலம் தள்ளலாம், எல்ஸ்பா தள்ளுகிறாள். வேண்டுமென்றால் அறுவை செய்து தூக்கித் தைக்கவும் முடியும். பிப்ரவரியில் டோர்ஸ்ஹாவன் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் இருக்கிறது, புத்தாண்டுக்குள் சொல்ல வேண்டும். செய்தால் ஆறு வாரம் வாளிகூடத் தூக்கக் கூடாது. அதன் பிறகும் சிலருக்குத் திரும்ப வரலாமாம், அதையும் ஒளிக்காமல் சொன்னாள். புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "ஒடம்பு உங்களுது," என்றாள். சரிதான், முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சீமுன். யோசிக்கும்போது எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் தேவலை என்றுதான் கேட்கிறேன்.

நீ படியில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வேறு யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நான் உன்னிடமிருந்து ஒளியவில்லை, உன் கண்ணில் தெரியப்போவதிலிருந்து ஒளிந்தேன். அங்கே என்ன தெரியும் என்று ஒரு தடவைகூட உன்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். ஊர் வாயையெல்லாம் கிண்டுகிறவள் சொந்தப் புருஷனைக் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து.

பட்டியலில் பெயர் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று யோன் சொன்னான். கேப்டனிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டும் என்றால் மூலம் என்று சொல்லிவிடு, அது எப்படியும் அங்கே வந்து சேர்ந்துவிடும்.

கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எழுத உட்கார்ந்தால் நீ மூன்று வார்த்தையில் தப்பாக ஏதாவது எழுதுவாய், நான் அதை மூன்று வாரம் படித்துக்கொண்டிருப்பேன். பத்தாம் தேதி மதிய விமானத்துக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன். டிசம்பர் காற்றில் அது இறங்காமல் திரும்பிப் போவது உண்டு என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இறங்கவில்லை என்றால் மறுநாளும் வருவேன்.

தளத்தில் வழுக்காமல் நட. கையுறையை ஈரத்தோடு போடாதே. கடவுள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் காற்றைக் கட்டிப் போடட்டும், இந்த வருஷம் அவரிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

உன்,
ரன்வா